ஓடுவதற்கு ஒரு பாட்டுப்பெட்டி

அந்த அலுவலகத்தில் தீப்பிடித்தது என்று கத்தினாலும் யாருக்கும் கேட்காது. நீளமான ஓர் அறை, சன்னலோரமாக மேசைகள், மேசைக்கு ஒருவராகத் தலையில் ஹெட்போன் மாட்டிய ஆட்கள். மேசைக்கு மேலே பார்த்தால் தியான மண்டபம் போல இருக்கும். மேசைக்குக் கீழே பார்த்தால் தையல் கம்பெனி. ஒவ்வொருவருடைய வலது காலும் ஒரு பெடலை மிதிப்பதும் விடுவதுமாகவே இருக்கும்.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகள் அங்கே வரும். அதைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடுவார். குதிகாலால் அழுத்தினால் சொன்னதையே மறுபடி சொல்வார். வெளியே கார்க் கதவைக்கூடத் தாங்களே திறக்காத சர்ஜன்களெல்லாம் அந்த அறையில் செருப்புக் காலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

மூன்றாவது மேசைக்காரிக்குப் பாம்புச்செவி என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, அலுவலகம் வைத்தது. டாக்டர்களில் சிலர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார்கள், சிலர் லிப்டில் ஏறிக்கொண்டே பேசுவார்கள், ஒருவர் கொட்டாவிக்கு நடுவில்தான் மருந்தின் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வருவார்கள். இவள் கண்ணை மூடி, இரண்டு மிதி மிதித்து, டாக்டர் என்ன சொன்னார், என்ன பிஸ்கட் சாப்பிட்டார் இரண்டையும் சொல்லிவிடுவாள். சின்னப் பெண்கள் அவளைப் "பாம்பக்கா" என்பார்கள். மேனேஜர் முழு மரியாதையோடு "பாம்புச்செவி மேடம்" என்பார்.

செவிக்கு இவ்வளவு கீர்த்தி இருந்தும் சாயங்காலம் அதைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைக்க முடிந்தால் தேவலை என்று இருக்கும் அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் கணவர் காத்திருப்பார். அவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்கு நடுவில் யார் மாட்டிக்கொண்டார், மாட்டியவர் உள்ளே இருந்துகொண்டு என்னென்ன வார்த்தை சொன்னார் என்பதையெல்லாம் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் நிறுத்தினால் கல்லூரிக்குப் போகும் மகள் தொடங்குவாள். மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் மிட்டாய் தின்பதில்லை. அவளும் ஒரு பாட்டை உட்கார்ந்து கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

ஓட ஆரம்பித்தது உடம்புக்காக இல்லை. ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ் போய்விட்டது. ஆனால் ஓடிய அந்தச் சிறு தூரத்தில் அவளுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. எதிரே வந்த பக்கத்துத் தெருக்காரி பேச வாயெடுத்துவிட்டு, பேசாமல் ஒதுங்கி வழிவிட்டாள். ஓடுகிற பெண்ணை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. ஏதோ தலைபோகிற அவசரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலை பஸ் இல்லாமலேயே ஓடினாள். பூங்காவைச் சுற்றி ஒரு மணி நேரம். யாரும் எதுவும் சொல்லவில்லை, கேட்கவில்லை, அழைக்கவில்லை. வீடு திரும்பியபோது முகம் சிவந்து, மூச்சு வாங்கி, அவள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மகள் பயந்துபோனாள்.

அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வேண்டியது. நகை கேட்கவில்லை, ஊர் சுற்றிப் பார்க்கக் கேட்கவில்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரம் எவருடைய குரலும் காதுக்குள் வராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் வந்தது ஆபத்து, அதுவும் கீழ்வீட்டிலிருந்து.

கீழ்வீட்டில் இருப்பவர் ஹவுஸ் ஓனர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவள் ஓடுகிற விஷயம் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலையில் அவள் படியிறங்கி வந்தபோது, வாசலில் புது வெள்ளை ஷூ மாட்டி, அரைக்கால் சட்டையில், சுங்கச்சாவடி அதிகாரியைப் போல நின்றிருந்தார். தானும் ஓடலாம் என்று இருப்பதாகவும், துணைக்கு ஆள் இருந்தால் அலுப்புத் தெரியாது என்றும் சொன்னார்.

அவருக்குத் தெரியவில்லை. முழு அலுப்பும் அவளுக்கு வந்து சேர்ந்தது. பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு மதில்கூட அவரிடம் தப்பாது. இது எந்த வருடம் எவ்வளவு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது, அதற்கு யார் யார் வழக்குப் போட்டார்கள், அளக்கப்போன தன்னை நாய் எந்தப் பக்கமாகத் துரத்தியது என்று வந்துகொண்டே இருக்கும். மதில்கள் முடிந்தால் அவருடைய பித்தப்பை ஆபரேஷன். அலுவலகத்தில் அவள் தட்டச்சு செய்த பித்தப்பைகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான்: இருந்தது, எடுத்தோம், தைத்தோம். இவருடைய பித்தப்பை மட்டும் காவியம். பகலெல்லாம் அறுவை சிகிச்சை, காலையில் வெறும் அறுவை என்று அவள் கணவரிடம் புலம்பினாள். கணவர் சிரித்து முடித்துவிட்டு, ஒரு லிப்டில் மாட்டிய பித்தப்பை நோயாளியின் கதையைத் தொடங்கினார்.

"வேண்டாம் சார், தனியாகப் போகிறேன்" என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. மனுஷர் தங்கமானவர் என்பதுதான் தொல்லை. கேட்காமலே தண்ணீர் மோட்டார் போடுவார். குழாய் ஒழுகினால் பிளம்பருக்கு முன்னால் தானே வந்து நிற்பார். இதற்கு முன்பு இருந்த வீடுகளில் எல்லாம், ஆணி அடித்தால் ஒரு சண்டை, விருந்தாளி வந்தால் ஒரு சண்டை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். இவரைப் போய் வாயை மூடச் சொல்வது நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற வேலை. ஓடும்போது அவளையறியாமல் வலது கால் ஒரு நொடி தயங்கித் தயங்கி மேலே எழும். காலை எடுத்தும் பேச்சு நிற்கவில்லையே என்று அந்தக் காலுக்குத் தீராத வியப்பு.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினால் என்ன என்று யோசனை சொன்னது மகள். காதில் ஏதாவது மாட்டியிருந்தால் நாகரிகமுள்ளவர்கள் பேச மாட்டார்கள் என்றாள். போனிலேயே பாட்டு இருக்கிறதே, தனியாக எதற்கு என்றார் கணவர். சரி என்று போனைக் கையில் கட்டிக்கொண்டு ஓடினாள். முதல் திருப்பத்தில் அவளுடைய அம்மா அழைத்து, ஏன் மூச்சு வாங்குகிறது என்று பதறினார். பாதி வழியில் மேனேஜர் ஓர் அவசர இதய நோயாளியைப் பற்றிக் கேட்டார். மூன்றாவதாகக் கணவரே படுக்கையில் இருந்தபடி அழைத்து, காப்பிப் பொடி எங்கே என்றார். இத்தனைக்கும் நடுவே ஹவுஸ் ஓனர் ஒவ்வொரு அழைப்பும் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றோடு போன் தகுதி இழந்தது.

அடுத்து, அலுவலகத்துப் பெண் ஒருத்தி தன்னுடைய இயர்பட்ஸைக் கொடுத்தாள். ஒயரே கிடையாது, பட்டாணி போல இரண்டு. காதுக்குள் போட்டு, மேலே முடி விழுந்தால் கடவுளுக்கே தெரியாது. ஹவுஸ் ஓனருக்கும் தெரியவில்லை. பாட்டடைத்த காதுகளிடம் அவர் இரண்டு சுற்று முழுக்கப் பேசினார். செவிடன் காதில் சங்கு ஊதியவனுக்காவது சந்தேகம் வந்திருக்கும். கடைசியில் அவர் ஏதோ கேள்வி கேட்டு, அவள் சம்பந்தமில்லாமல் தலையை ஆட்டி, மறுநாள் காலை அவர் மாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கூட்டிவந்து நின்றபோதுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஆகவே எப்படிப்பட்ட பெட்டி வேண்டும் என்பதில் அவள் மிகத் தெளிவாகக் கடைக்குப் போனாள். எலக்ட்ரானிக்ஸ் கடை விற்பனையாளர் மெல்லிய மீசைக்காரர், மூச்சுவிடாமல் விற்கக் கற்றவர். பேஸ் எப்படி அதிரும், வியர்வை பட்டால் என்ன ஆகும், எத்தனை ஆயிரம் பாட்டு அடங்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது தெருவின் அந்த முனையிலிருந்து பார்த்தால் தெரியுமா என்று கேட்டாள்.

மீசைக்காரர் கொஞ்சம் திணறினார். "மேடம், சின்னதா இருக்கறதுதான் இப்போ ஸ்டைல். மாட்டியிருக்கறதே தெரியக்கூடாது, அதுக்குத்தான் விலை."

"எனக்குத் தெரியணும். பெரிசா, ஒயர் தொங்கணும். நல்ல கலரா இருந்தா இன்னும் நல்லது."

"நீங்க கேக்கறதுக்கு வாங்கறீங்களா, காட்டறதுக்கு வாங்கறீங்களா?"

"காட்டறதுக்குத்தான்," என்றாள் அவள்.

வாடிக்கையாளர்களிடம் உண்மை கேட்டுப் பழக்கமில்லாத அவர், எடுத்துப் பரப்பிய சின்னப் பெட்டிகளையெல்லாம் திரும்ப மூடிவைத்தார். பிறகு உள்ளே போய், நெடுநாளாக விற்காமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டுவந்தார். சோப்புப்பெட்டி அளவில் ஒரு மியூசிக் பிளேயர், இடுப்பில் மாட்ட ஒரு கிளிப், அதோடு காதை முழுசாக மூடும் இரத்தச் சிவப்பு ஹெட்போன். தீயணைப்பு வண்டியைத் தலையில் வைத்தது போல இருந்தது. அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பழைய பாட்டுகளாக நிரப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அதைப் பார்த்ததும் ஹவுஸ் ஓனரின் வாய் பாதியில் நின்றது. வெற்றி என்று அவள் பொத்தானை அழுத்தினாள். பாட்டு வந்தது. ஓடத் தொடங்கினாள். அங்கேதான் விபரீதம்.

காதுக்குள் போட்ட பட்டாணிகளை வலது கால் கண்டுகொள்ளவில்லை, காதை மூடியதும் விழித்துக்கொண்டது. இத்தனை வருடங்களாக அவள் காதில் ஹெட்போன் ஏறியபோதெல்லாம் அதற்கு ஒரு வேலை இருந்தது. மிதித்தால் சத்தம், எடுத்தால் அமைதி. இப்போது ஹெட்போன் ஏறியாயிற்று, சத்தமும் வருகிறது, ஆனால் காலை எடுத்தால் நிற்கவில்லை. பாடகர் பாடிக்கொண்டே இருக்கிறார். வலது கால் பதறிப்போய்த் தரைக்குத் திரும்பியது. எழுந்தது, பதறியது, திரும்பியது. அவள் என்ன அதட்டியும் அது கேட்கவில்லை. இடது கால் பூங்காவில் ஓடியது. வலது கால் ஆபீசுக்குப் போய்விட்டது. பத்தாததற்குக் கை விரல்கள் வேறு காற்றில் பல்லவியைத் தட்டச்சு செய்யத் தொடங்கின. எதிரே வந்த நாய் ஒன்று, குரைப்பதா ஒதுங்குவதா என்று தீர்மானிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது.

பாட்டை அணைத்துவிட்டு வெறும் ஹெட்போனோடு ஓடலாமே என்று தோன்றாமல் இல்லை. அணைத்தும் பார்த்தாள். சிவப்பாக இருந்ததே தவிர அதற்கு ஒலியைத் தடுக்கும் யோக்கியதை இல்லை. அதற்குள் அவள் நொண்டுவதைப் பார்த்த ஹவுஸ் ஓனர், நாகரிகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் ஓடிவந்து, ஹெட்போனைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று உச்சக் குரலில் முழங்கால் தேய்மானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவளுக்கு மட்டும் கேட்டது இப்போது பூங்காவுக்கே கேட்டது. சாயங்காலம் கீழ்வீட்டிலிருந்து ஒரு தைலம் வந்தது. பக்கத்துத் தெருக்காரி பாதத்தைப் பார்க்க வந்தாள். எனக்கு ஒன்றுமில்லை, பெடல் இல்லாததுதான் என்று அவள் விளக்கியபோது, கணவர் மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். தான் பெரிய ஹோட்டல் லிப்டில் ஏறினால் கதவு மூடுகிற சத்தத்தில் கை தானாகத் திருப்புளியைத் தேடும் என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியானது அது.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். இந்த முறை ஓடிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். மீசைக்காரர் தன் வேலைக்காலத்தில் எதையெல்லாமோ பார்த்திருப்பார். வாஷிங் மெஷின்களுக்கும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு குடும்பத் தலைவி ஒவ்வொரு பிளேயராக இடுப்பில் மாட்டி, சிவப்பு ஹெட்போனை அதில் செருகிக்கொண்டு போவதும் வருவதுமாக ஓடியதைப் பார்த்ததில்லை. டி.வி. பார்க்க வந்த ஒரு குடும்பம் டி.வி.யை விட்டுவிட்டு இவளைப் பார்த்தது. கையில் கட்டுவது, கழுத்தில் தொங்குவது, நெற்றிப் பட்டையோடு வருவது என எதை மாட்டினாலும் வலது கால் பழைய பிடிவாதத்தில் இழுத்தது.

கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் தீர்ந்தபிறகு, கவுண்டர்மேல் கயிற்றில் கட்டிவைத்த ஒன்று மிச்சமிருந்தது. மீசைக்காரர் தடுப்பதற்குள் அவள் அதை அவிழ்த்து வலது இடுப்பில் மாட்டிவிட்டாள்.

"அது டெமோ பீஸ் மேடம். எல்லாரும் இழுத்து இழுத்து ஒயர் செருகற இடம் லூசாயிடுச்சு. விட்டு விட்டு வரும்."

அவள் ஓடினாள். வலது கால் தரையில் பட்டதும் அதிர்வில் ஒயர் ஒட்டிக்கொண்டு பாட்டு வந்தது. கால் எழுந்ததும் ஒயர் விலகிப் பாட்டு நின்றது. மிதித்தால் சத்தம். எடுத்தால் அமைதி. வாஷிங் மெஷின் வரிசையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள், ஒரு நெளிவு இல்லை, ஓர் இழுப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி ஒருமுறை ஓடினாள், வேண்டுமென்றே குளிர்சாதனப் பெட்டிகளைச் சுற்றி.

"இதுதான்," என்றாள். "இதைக் குடுங்க."

"மேடம், இது ரிப்பேர்."

"தெரியும். ரிப்பேர் பண்ணிடாதீங்க."

கடை முதலாளியே உள்ளேயிருந்து எழுந்துவர வேண்டியதாயிற்று. கெட்டுப்போன சாமானை விற்றார்கள் என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்வீர்களே என்று கவலைப்பட்டார். ஒரு சொட்டு ஈயம் வைத்தால் சரியாகிவிடும் என்று மீசைக்காரர் கையை நீட்டினார். அவள் அதைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவப்பு ஹெட்போனை இதில் செருகிக்கொள்வதாகவும், பழைய பெட்டியை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றும், சத்தம் விட்டு விட்டு வராமல் போனால் மட்டும் சண்டைக்கு வருவதாகவும் சொன்னாள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களிடம் விவாதித்து ஜெயிக்க முடியாது என்று வியாபாரம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா என்றார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் பொற்காலக் காலைகள். வலது காலுக்கு அதன் நியாயம் கிடைத்துவிட்டதால் உடம்பு முழுக்க அவள் பேச்சைக் கேட்டது. இதுவரை ஹவுஸ் ஓனரின் வேகத்துக்கு மரியாதைக்காக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவள், தன்னுடைய வேகம் என்ன என்று இப்போதுதான் கண்டுபிடித்தாள். அது கணிசமாக இருந்தது. பாட்டு துண்டு துண்டாக வரும். வேகம் கூடக்கூடத் துண்டுகள் நெருங்கி வரும். இடைவெளிகளில் ஹவுஸ் ஓனரின் குரலும் துண்டு துண்டாகத்தான் வந்தது: ஒரு மிதிக்குப் பல்லவி, ஒரு மிதிக்கு மதில் சுவர், ஒரு மிதிக்குக் காதல், ஒரு மிதிக்குக் கல்லடைப்பு. முதல் வளைவில் அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டாவது வளைவில் அவர் குரல் பின்தங்கிவிடும். பிறகு அவளும் மரங்களும் மட்டும். முந்திப் போகிறேன் சார் என்று ஒருநாளும் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ய முடிகிறபோது எதற்கு வாயைத் திறப்பது?

அப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஓனரம்மா.

ஓனரம்மா மாடி ஏறி வந்து அவள் பார்த்ததே இல்லை. வாசலில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு, மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஒல்லியான, அடக்கமான அம்மாள். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கணவரும் மகளும் வெளியே போயிருக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, கொஞ்ச நாளாக அவள் ரொம்ப வேகமாக ஓடுகிறாளாமே என்று ஆரம்பித்தார். நல்ல பிள்ளையாக அவள் ஆமாம் என்றாள்.

"கொஞ்சம் மெதுவா ஓடக்கூடாதாம்மா?"

ஏன் என்று கேட்டாள். சாருக்கு மூச்சுக்கோளாறு ஏதாவதா என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

"அவருக்கு ஒண்ணும் இல்லை. நீ முன்னாடி போயிட்டா அவர் ரெண்டாவது வளைவுலேயே திரும்பிடறார். திரும்பி எங்க வருவார்? வீட்டுக்குத்தான் வருவார்."

அவள் இன்னும் விளங்காமல் பார்த்தாள். ஓனரம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொல்லும் குரலில் சொல்லி முடித்தார். ரிட்டையர் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் வீட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை. கண்விழித்ததிலிருந்து படுக்கிறவரை மதில், பித்தப்பை, மதில். அவள் காலையில் ஓடுகிறாள் என்று தெரிந்ததும் ஓனரம்மாவே கடைக்குப் போய் அந்த வெள்ளை ஷூவை வாங்கி வந்தார். தினமும் அவளுடைய படிச் சத்தம் கேட்டதும் ஷூவை எடுத்து வாசலில் வைத்து, துணைக்கு ஆள் வந்தாச்சு, கிளம்புங்க என்று எழுப்பி அனுப்புவதும் அவர்தான்.

பாம்புச்செவிக்கு முதலில் வந்தது கோபம். தன் படிச் சத்தத்தை வைத்தே தனக்குக் குழி பறிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் இந்தப் பூனை போன்ற அம்மாளால்.

"அப்போ என் காதைப் பத்தி யாரும்மா கவலைப்படறது?" என்றாள். "நான் நாள் முழுக்க ஆபீஸ்ல கேட்டுட்டுதானே வர்றேன்?"

"நீயாவது சம்பளம் வாங்கிட்டுக் கேக்கறே," என்றார் ஓனரம்மா. "நான் சும்மா கேக்கறேன்."

 சிறிது நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பேசாத நேரம் இரண்டு பேருக்குமே இதமாக இருந்தது என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சாருக்கே ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று அவள்தான் கேட்டுப் பார்த்தாள். கேட்ட பாட்டையெல்லாம் வந்து எனக்கு விளக்குவாரே என்று ஓனரம்மா தலையில் கை வைத்தார். வேறு யாராவது நண்பர்கள்? எல்லோருக்கும் ஏற்கெனவே ஒருமுறை சொல்லி முடித்தாயிற்றாம். அவர்களெல்லாம் மாலை நேர நடைக்கு மாறிவிட்டார்களாம்.

கடைசியில் இரண்டு நாட்டு மந்திரிகளைப் போல உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒருநாள் அவள் தன் வேகத்தில் ஓடுவாள். மறுநாள் மெதுவாக, முழு ஒரு மணி நேரமும் அவரோடு. வாரத்துக்கு இன்னும் ஒரு மெதுநாள் கூடுதலாகக் கிடைக்குமா என்று ஓனரம்மா கேட்டுப் பார்த்தார். அவள் முடியவே முடியாது என்றாள். எழுந்து போகும்போது ஓனரம்மா அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். இது சாருக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் மெதுநாள் வந்தது. பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு அவள் இறங்கினாள். வெள்ளை ஷூ தயாராக நின்றது. ஹெட்போன் இல்லாத அவள் காதுகளைக் கண்டதும் ஹவுஸ் ஓனரின் முகம் சலவைத் துணி போலப் பளிச்சென்று ஆயிற்று. புறப்பட்டார்கள். விட்டுப்போன மதில்கள் எல்லாம் சேர்ந்து வட்டியும் முதலுமாக வந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். எப்போது முடியும், எப்போது முடியும் என்று ஒவ்வொரு மரத்தையும் எண்ணாத குறையாகக் கடந்தாள். நல்லவேளையாக அவருக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஆவதற்கு வெகு முன்னாலேயே, இன்றைக்குப் போதும் அம்மா, வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மிச்ச நேரத்தில் தனியாக நான்கு வீதி ஓடலாம்.

வாசல் கேட்டுக்கு வந்தார்கள். அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை தற்செயலாகக் கீழ்வீட்டுச் சன்னலுக்குள் போயிற்று.

உள்ளே ஓனரம்மா அவருடைய சாய்வு நாற்காலியில் கிடந்தார். இரண்டு கால்களும் மேசைமேல், அளவை வரைபடங்கள் அடுக்கியிருந்த மேசைமேல். கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். தோலை உரித்து உரித்துத் தரையில், போட்ட இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். விதைகளை ஒவ்வொன்றாக எதிர்ச்சுவரைக் குறிபார்த்துத் துப்பினார். ஒன்று சுவரில் பட்டது. அவர் முகத்தில் எந்த அவசரமும் இல்லை. அடுத்த சுளையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் பாதிப் பழம் மிச்சமிருந்தது.

ஹவுஸ் ஓனர் நிமிர்ந்து கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"சார்," என்றாள் அவள்.

அவர் திரும்பினார்.

"இன்னொரு சுத்து போவமா? நடந்தே போகலாம்."

அவர் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசிய மனிதர், யாரும் தன்னை அப்படிக் கேட்டதில்லை என்பதால் ஒரு வினாடி வாயடைத்து நின்றார். அந்த ஒரு வினாடி நல்ல அமைதியாக இருந்தது. பிறகு விலாவலி போன இடம் தெரியாமல் நாடாவை மறுபடி இழுத்துக் கட்டினார்.

"எதுல விட்டேன்?" என்றார்.

"எதுலேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிங்க சார்," என்று சொல்லிவிட்டு, சன்னலுக்கும் அவருக்கும் நடுவில் வருமாறு நின்றுகொண்டு, அவள் அவரைத் தெருப் பக்கமாகத் திருப்பினாள்.